பொட்டு வரைக்கும்

அவரைக்காய் சீசன் வந்துவிட்டால் பாப்பம்மா வீட்டில் யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. முன் ரூமில் வாடகைக்கு இருக்கிற நானும்தான். ஷிப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஊறவைத்த அவரைக்கொட்டை ஒரு கிண்ணம் நிறைய என் முன்னால் வந்துவிடும். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் தோல் கையில் நிற்கவேண்டும், பருப்பு துள்ளிக் கிண்ணத்தில் விழவேண்டும். பிதுக்கம்பருப்புக் குழம்பும் ராகிக் களியும் வேண்டுமென்றால் விரல் வலித்துத்தான் ஆகவேண்டும். நான் ஆம்பூர்க்காரன். வந்த புதிதில் களியைப் பார்த்து முகம் சுளித்தவன்தான். ஓசூர்க் குளிருக்கு அதைவிட்டால் வேறு மருந்து கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் முனிலட்சுமி பிதுக்கிய பருப்பு கிண்ணத்தில் விழவில்லை. சுவரில் போய் அடித்தது.

"பருப்பு மேல ஏன்டி கோவத்தக் காட்டற?" என்றாள் பாப்பம்மா. அப்போதுதான் மகளின் முகத்தை நேராகப் பார்த்தாள். "அய்யோ, நெத்தி ஏன்டி வெறுமையா இருக்குது? பொட்டு எங்க?"

"கம்ப்யூட்டர் கண்ணாடி மேல ஒட்டிட்டு வந்துட்டன்."

"உனுக்கென்னா பைத்தியமா புடிச்சிக்கிச்சி?"

"எனக்கில்ல. கம்பெனிக்குப் புடிச்சிருக்குது."

பாப்பம்மா கெலவரப்பள்ளிப் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் களையெடுக்கிறவள். மகன் ஆஞ்சப்பன் நான் வேலை செய்கிற அதே கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கிறான். நான் ஸ்டோர்ஸ். மகள் முனிலட்சுமி கிருஷ்ணகிரியில் டிப்ளமோ படித்துவிட்டு எங்கள் கம்பெனி கம்ப்யூட்டர் ரூமில் காண்ட்ராக்டில் இருந்தாள். நடுவில் தளி என்கிற ஊரில் அவளுக்கு ஒரு கல்யாணமும் நடந்திருந்தது. புருஷன் மாதப்பன் முட்டைக்கோசுத் தோட்டம் வைத்திருக்கிறவன். அவள் வாழப்போன வருஷம் கோசு அழுகிப்போனது, சினைமாடு ஒன்று செத்தது. கோசு அழுகியது மழையால். மாடு செத்தது அது தின்ற பிளாஸ்டிக்கால். மாமியார் சென்னம்மாளோ இரண்டுக்கும் சேர்த்து ஒரே காரணம் கண்டுபிடித்தாள். மருமகள் கை ராசியில்லாத கை. நாற்றைத் தொடாதே, பால் கறக்க உட்காராதே, குடத்தில் கை வைக்காதே என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், ஒருநாள் சோற்றுப்பானையையும் தொடாதே என்றாள். அன்றைக்கே முனிலட்சுமி பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். மாதப்பன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தானாம். வாயைத் திறக்காமல் நின்றானாம். அதுதான் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது கம்பெனியிலும் அதே பேச்சு கிளம்பியிருந்தது. எங்கள் கம்பெனியில் ரூட்டர் என்று ஒரு பெட்டி உண்டு. பெங்களூர் ஹெட் ஆபீஸிலிருந்து வரும் ஆர்டரெல்லாம் அதன் வழியாகத்தான் எங்களுக்கு வரும். அது படுத்தால் எந்த லாரியில் என்ன ஏற்றுவது என்பதே எங்களுக்குத் தெரியாது. ரெண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டரெல்லாம் தேதி குழம்பிப் புத்தி பேதலிக்கும் என்று டீக்கடையில்கூடப் பேசிக்கொண்ட நேரம் அது. பெட்டிக்குள் இருக்கிற பழைய புரோகிராமை அழித்துவிட்டுப் புதுசு ஏற்றச்சொல்லி உத்தரவு வந்தது. புதுசு ரொம்பப் பெரிசு. கம்ப்யூட்டர் அதைத் துண்டு துண்டாக வெட்டி, துண்டுக்கு ஒரு நம்பர் போட்டு, வயர் வழியாகப் பெட்டிக்கு அனுப்பும். போய்ச் சேரச் சேரத் திரையில் ஆச்சரியக்குறி வரிசை வரிசையாக ஓடும்.

"பாதிக்கு மேல நல்லாத்தான் ஓடுது," என்றாள் முனிலட்சுமி. "அப்பறம் புள்ளி புள்ளியா வெச்சிட்டு நின்னுடுது. எத்தினி வாட்டி அனுப்புனாலும் கடைசி வரில அதே எடம். அதான் அந்த எடத்துல பொட்ட ஒட்டுனன். வயரு குத்தம்னா ஒருவாட்டி இங்க நிக்கும், ஒருவாட்டி அங்க நிக்கும். இது மொளையடிச்ச மாதிரி நிக்கிது. அதச் சொல்லிக்கினு இருக்கறன், நாராயணப்பன் சார் வந்து, 'ஏமம்மா, தளில உன் கையப் பத்திச் சொன்னது நெசந்தான் போல'ன்றாரு. எல்லார் எதுருலயும்."

நாராயணப்பன் எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர். வீட்டில் தெலுங்கு, மனைவிக்குத் தாய்வீடு தளி. அவர் பஞ்சாங்கம் பார்க்காமல் லாரிகூட கேட்டைத் தாண்டாது.

"நீ என்னா சொன்ன?" என்றேன்.

"பழைய புரோகிராம அவரு எதுருலயே திருப்பி ஏத்திக் காட்டனன். கடகடன்னு ஏறிடிச்சி. இதே கை, இதே வயரு, இப்ப ராசி எங்கிருந்து சார் வந்திச்சின்னு கேட்டன். 'அது பழசும்மா, பழகின ஐட்டம்'ன்றாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆஞ்சப்பன் சிரிக்கவில்லை. அவனுக்குப் பெண் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போயிருந்தது. தங்கச்சி வாழாமல் வீட்டில் இருக்கிறாள் என்று தெரிந்ததும் வருகிறவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

"மேனேஜரு என்னையும் கூப்புட்டாரு," என்றான் சுவரைப் பார்த்துக்கொண்டு. "சனிக்கெழமக்குள்ள அது ஏறலன்னா உன்ன பேக்கிங்குக்கு மாத்திடுவாராம். கம்ப்யூட்டர் ரூம்ல வேற ஆளாம். ஞாயித்துக்கெழம தளில இருந்து வராங்க, லட்சுமி. மார்கழி பொறந்துட்டா கூட்டிக்கினு போவ முடியாதுன்னு இப்பவே வராங்க. கம்ப்யூட்டர் வேல இருக்குது, அனுப்ப முடியாதுன்னுதான் இத்தினி நாளா சாக்கு சொன்னன். அந்த வேல போச்சின்னா எனுக்குச் சொல்ல வார்த்த இல்ல. நீ போயிட்றதுதான்."

"அப்ப வேலக்காகத்தான் என்ன வெச்சிருக்கறியா? தங்கச்சின்னு இல்ல?"

அவன் எழுந்து வெளியே போய்விட்டான். பாப்பம்மா அடுப்பில் களி கிளற ஆரம்பித்தாள். அந்த வீட்டில் பதில் இல்லாதபோது யாராவது ஒருவர் வேலை செய்ய ஆரம்பித்துவிடுவார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பனி அடங்காமல் பிரஸ் ஷாப் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. காலையிலேயே ஸ்டோர்ஸுக்கு ஒரு சீட்டு வந்தது. தேங்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம், சாமந்திப்பூ. என்ன வேலைக்கு என்ற இடத்தில் 'ரூட்டர் மெயின்டனன்ஸ்' என்று நாராயணப்பன் கையெழுத்துப் போட்டிருந்தார். பதினைந்து வருஷம் ஸ்டோர்ஸில் இருந்தவன் நான், எண்ணெய் கொடுத்திருக்கிறேன், கிரீஸ் கொடுத்திருக்கிறேன். மெஷினுக்குச் சாமந்திப்பூ கொடுத்தது அன்றைக்குத்தான். வேடிக்கை பார்க்கவேண்டுமென்று நானே எடுத்துக்கொண்டு போனேன்.

கம்ப்யூட்டர் ரூமில் செருப்பில்லாமல் கூட்டம் நின்றது. ரூட்டரின் தலையில் எலுமிச்சம்பழம் உட்கார்ந்திருந்தது. பெங்களூரிலிருந்து ஒரு என்ஜினியர் வந்திருந்தார். ஸ்வெட்டரைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருந்த கன்னடக்காரர். ஃபைலில்தான் கோளாறு என்று நினைத்துப் புது சிடி கொண்டுவந்திருந்தார். அவரே உட்கார்ந்து அனுப்பினார். ஆச்சரியக்குறிகள் ஓடின. கடைசி வரியில் அந்தச் சிவப்புப் பொட்டு வரைக்கும் வந்து, புள்ளி வைத்து நின்றன.

"இவருக்கும் என் கைதான் ஒட்டிக்கிச்சா சார்?" என்றாள் முனிலட்சுமி.

நாராயணப்பனுக்குக் காது கேட்கவில்லை. "சரசம்மாவக் கூப்பிடுங்க," என்றார்.

சரசம்மா அக்கவுண்ட்ஸ். இரண்டு ஆண்பிள்ளை பெற்றவள், கை நிறையக் கண்ணாடி வளையல். கம்பெனியில் எந்தப் பூஜைக்கும் முதல் விளக்கு அவள்தான் ஏற்றவேண்டும். பாவம், நெற்றி வியர்க்க வந்து, கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினாள். குறிகள் ஓடின. பொட்டு வந்தது. நின்றது.

"எனக்கு ஒண்ணும் ஆவாதில்ல சார்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

"ஆஞ்சப்பன வரச்சொல்லுங்க. அவன் தொட்டு ஆரம்பிச்ச பிரஸ் இன்னிவரைக்கும் நின்னதில்ல."

ஆஞ்சப்பன் எண்ணெய்க் கையைக் கழிவுப்பஞ்சில் துடைத்துக்கொண்டே வந்தான். தங்கச்சியைப் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, என்ஜினியர் காட்டிய பட்டனைப் பார்த்தவன், "இன்னொரு பட்டன் எங்க?" என்றான். பிரஸ்ஸில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒன்றாக அழுத்தினால்தான் தகடு வெட்டும். ஒரு கை சும்மா இருந்தால் அது மெஷினுக்குள் போய்விடும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள்.

"இதுல கை போவாதுண்ணா," என்றாள் முனிலட்சுமி. "பேரு மட்டுந்தான் போவும். ஒரு வெரல் போதும்."

அவன் கட்டைவிரலால் அழுத்தினான். பிரஸ்காரன் அழுத்திய அழுத்தில் பட்டன் உடையாதது பெரிசு. குறிகள் ஓட ஓட அவன் வாய் தானாகத் திறந்துகொண்டது. நாராயணப்பன் கற்பூரத்தைக் கொளுத்தினார். பொட்டுக்குப் பக்கத்தில் வந்தன குறிகள். ஒட்டினாற்போல் நின்றன. புள்ளி.

ஆஞ்சப்பன் குனிந்து கண்ணாடியை உற்றுப் பார்த்தான். அவன் மூக்கு திரையில் இடித்தது.

"லட்சுமி, இது நேத்து ஒட்டுனதுதானா?"

"நேத்துதான்."

"யாரும் நகுத்தலையே?"

"நகுத்துனா பசை பேந்துக்கும். தொட்டுப் பாரு."

அவன் தொட்டுப் பார்த்தான். அப்புறம் தன் கட்டைவிரலைப் பார்த்தான்.

முனிலட்சுமி என்ஜினியர் பக்கம் திரும்பினாள். "சார், ஃபைலு மேல சந்தேகம்னு புதுசு கொண்டாந்தீங்க. அதுவும் அங்கியே நின்னிச்சி. சம்பந்தமே இல்லாத வேற ஒரு பெரிய ஃபைல அனுப்பிப் பாப்பமா? டிராயிங் ஆபீஸ்ல இருக்குது. அதுவும் பொட்டுலயே நின்னா ஃபைலு மேல குத்தமில்ல."

என்ஜினியர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். "ஹௌது, மாடோணா," என்றார். ஆமாம், செய்யலாம் என்று அர்த்தம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். டிராயிங் ஃபைல் போனது. கதவும் கீலும் வரைந்த படம், அதற்கும் ரூட்டருக்கும் ஒரு உறவும் கிடையாது. அதுவும் பொட்டில் வந்து நின்றது.

"ஃபைல் இல்ல, பாக்ஸ் இல்ல, கேபிள் இல்ல," என்றார் என்ஜினியர், கன்னட வாசனையோடு தமிழில். "அனுப்பறது இருக்குதில்ல, அந்தப் புரோகிராம். ஹளேது. பழசு." காகிதத்தில் ஏதோ பெருக்கிப் பார்த்தார். அவள் எட்டிப் பார்த்து இன்னொரு கணக்குச் சொன்னாள். இவர் தலையாட்டினார், அவள் மறுத்தாள், இரண்டு பேரும் சண்டைக்காரர்கள் மாதிரி பேசிக் கடைசியில் ஒரே நம்பரில் வந்து நின்றார்கள். துண்டுக்கு நம்பர் போடுகிற அந்தப் புரோகிராமுக்கு அந்த நம்பருக்கு மேல் எண்ணத் தெரியாது. அவ்வளவுதான் விஷயம். சின்ன ஃபைல் அதற்குள் முடிந்துவிடும், பெரிசு முடியாது. எங்கள் ஸ்டோர்ஸ் தராசிலும் முள் கடைசிவரை போய் முட்டி நிற்கும். அதற்கு மூட்டையைத் திட்டுவார்களா, மூட்டை தூக்கினவனைத் திட்டுவார்களா?

டிராயிங் ஆபீஸ் பெரிய மெஷினிலிருந்து நம்பர் கணக்கில்லாத வேறு முறையில் அனுப்பலாம் என்றார் என்ஜினியர். அதைத் தயார் செய்யச் சாயங்காலம் ஆகிவிடும்.

"அப்ப நாளைக்கிக் காலையில," என்றார் நாராயணப்பன். "ஒன்பதுலருந்து பத்தரை ராகுகாலம். அது முடிஞ்சதும் சரசம்மா கையால..."

"இல்ல சார்," என்றாள் முனிலட்சுமி. "ஒம்போது மணிக்கு. என் கையால."

நாராயணப்பன் கையிலிருந்த கற்பூரப் பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

"ராகுகாலத்துலயாம்மா?"

"ராகுகாலத்துலதான். நல்ல நேரத்துல ஏறிச்சின்னா நேரம் நல்ல நேரம்னுவீங்க. சரசக்கா தொட்டு ஏறிச்சின்னா அக்கா கைன்னுவீங்க. எனுக்கு ரெண்டும் வேணாம். எலுமிச்சம்பழத்தையும் எடுத்துடுங்க. நாளைக்கி ஏறலன்னா நான் பேக்கிங்குக்குப் போறன். தளிக்கும் போறன். எங்கண்ணன் நிக்கறான், அவன் எதுருலயே சொல்றன்."

கணக்கு சரியாக இருந்தாலும் வேறு முறையில் அனுப்பும்போது வேறு ஏதாவது மக்கர் பண்ணலாம் என்று என்ஜினியரே சற்றுமுன் சொல்லியிருந்தார். இவளுக்கு எதற்கு இந்த வீம்பு என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் வீம்பில்லாமல் அந்த இடத்தில் அவள் வேறு என்ன செய்திருக்கமுடியும்?

வீட்டில் பாப்பம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ராகுகாலத்துல எதுக்குடி? பத்தர மணிக்கு மேல அமுக்குனா வெரலு தேஞ்சிடுமா?"

"தேயாது. ஆனா நான் ஆயுசுக்கும் பத்தர மணிக்காகக் காத்துக்கினு கெடக்கணும்."

ஆஞ்சப்பன் அன்றைக்கு யாரும் சொல்லாமலே கிண்ணத்தை இழுத்து அவரைக்கொட்டை பிதுக்க உட்கார்ந்தான். பிரஸ் விரலுக்கு அந்த வேலை வராது. பாதிப் பருப்பு நசுங்கிப்போனது. யாரும் அவனைத் திட்டவில்லை.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் கம்ப்யூட்டர் ரூமுக்கு நாராயணப்பன் மட்டும் வரவில்லை. ராகுகாலம் முடிகிறவரை தன் ரூமில் இருப்பதாகச் சொல்லிவிட்டார். என்ஜினியர், நான், ஷாப்பில் பர்மிஷன் சொல்லிவிட்டு வந்த ஆஞ்சப்பன். முனிலட்சுமி குளித்த ஈரத் தலையோடு உட்கார்ந்தாள். நெற்றியில் பொட்டில்லை. வேறு பொட்டு வீட்டில் ஒரு அட்டை நிறைய இருந்தது, அவள்தான் வைக்கவில்லை. பட்டனைச் சாதாரணமாக அழுத்தினாள். டீக்கு அடுப்பு பற்றவைக்கிற மாதிரி.

குறிகள் ஓடின. வரி நிறைந்து வரி மேலே ஏறியது. முன்வரிகள் எப்போதும் பொட்டைத் தாண்டித்தான் போகும், நிற்பது ஒரே வரியில்தான்; அது எது என்று எனக்குத் தெரியாது, பொட்டு மட்டும்தான் தெரியும். என்ஜினியர் காகிதத்தில் குறித்துக்கொண்டே இருந்தவர், "ஈக, இப்ப" என்று பேனாவை வைத்தார். இதுதான் அந்த வரி. குறிகள் பொட்டை நெருங்கின. ஆஞ்சப்பன் என் தோளைப் பிடித்தான். பிடித்த இடம் இரண்டு நாள் வலித்தது.

குறிகள் பொட்டுக்கு அடியில் புகுந்து அந்தப்பக்கம் வெளியே வந்தன.

"தாண்டிச்சி!" என்று கத்தினான் ஆஞ்சப்பன். "டேய், தாண்டிடிச்சிடா!" யாரை டேய் என்றானோ தெரியாது, அங்கே அவனைவிடச் சின்னவன் யாரும் இல்லை. குறிகள் இன்னும் வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தன. முனிலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகையைவிடக் கோபம்தான் அதில் அதிகம் என்று எனக்குப் பட்டது. கடைசியில் எல்லாம் ஏறி, பெட்டியை அணைத்துத் திருப்பிப் போட்டார்கள். பச்சை விளக்கு எரிந்தது. பெங்களூர் லைன் வந்தது.

பத்தரைக்கு மேல் நாராயணப்பன் வந்தார். திரையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்து அந்தப் பொட்டுக்குப் பக்கத்தில் வைக்கப் போனார். "இது இங்கியே இருக்கட்டும்மா. ராசியான பொட்டு. இனிமே எது ஏத்துனாலும் நீதான் தொடணும். ராகுகாலத்துலயே பலிக்கிற கைன்னா சாமானியமா?"

முனிலட்சுமி நகத்தால் பொட்டைப் பெயர்த்து எடுத்தாள். பசை கொஞ்சம் கண்ணாடியில் தங்கிவிட்டது. "இது என்னுது சார்," என்று நெற்றியில் ஒட்டிக்கொண்டாள். கோணலாகத்தான் ஒட்டியது.

அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தளியிலிருந்து மாதப்பனும் சென்னம்மாளும் வந்தார்கள். சண்டைக்கு வருகிறவர்கள் கையில் பூ இருக்காது. இவர்கள் கையில் பூ, தேங்காய், சீப்பு வாழைப்பழம். சென்னம்மாள் வாசலிலேயே, "பா மகளே, பா," என்று கன்னடத்தில் அழைத்து முனிலட்சுமியின் வலது கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பாப்பம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பாயை உதறி விரித்தாள்.

"புதுசா போர் போட்டிருக்கறம்," என்றாள் சென்னம்மாள். "சுத்துவட்டுல எங்கயும் வராத தண்ணி எங்களுக்கு வந்திருக்குது. மோட்டார் எறக்கியாச்சி. சுவிட்ச் போடணும். நாராயணப்பன் சம்சாரம் ஃபோன் பண்ணி எல்லாம் சொன்னாங்க. ராகுகாலத்துல தொட்டாலும் வெளங்கற கையாம்ல. வா மகளே, வந்து உன் கையால போட்டுக் குடு. பழசெல்லாம் மறந்துடு."

பாப்பம்மா முகம் மலர்ந்துவிட்டது. மகளுக்குப் பழி தீர்ந்தது, மகனுக்குப் பெண் கிடைக்கும், ஒரே நாளில் எல்லாம் நேராகிவிட்டது என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. அவளைக் குறைசொல்ல எனக்கு மனசில்லை.

முனிலட்சுமி கையை உருவிக்கொண்டாள். "அத்த, கோசு ஏன் அழுவிச்சி?"

"அது அந்த வருசம் மழ ஜாஸ்தி."

"மாடு?"

"அது பிளாஸ்டிக் தின்னுடிச்சி, பாவம்."

"இப்ப தெரிஞ்சிதா?"

சென்னம்மாள் கையிலிருந்த பூவைப் பாயில் வைத்தாள்.

"நாளைக்கி மோட்டார் பொகஞ்சா?" என்று முனிலட்சுமி மாதப்பன் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு மாமா. மோட்டார் பொகஞ்சா என் கைய என்னான்னு சொல்லுவீங்க?"

மாதப்பன் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கி பஸ் ஸ்டாண்டுலயும் இப்படியேதான் நின்ன," என்றாள். குரல் முதல்முறையாக உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டாள். "ராசியில்லாத கையின்னு நீங்க சொன்னப்பவும் நான் ஒத்துக்கல. ராசியான கையின்றதையும் ஒத்துக்க மாட்டன். சோத்துப்பானையத் தொடாதன்னு சொன்னீங்க பாருங்க, அதே கைதான் அத்த இது. வேற ஒண்ணும் மொளைக்கல. சாப்புட்டுட்டுப் போங்க."

உள்ளே போய், சுடச்சுடக் களியைத் தண்ணீர் தொட்டு உருட்டி, ஆளுக்கொன்றாகத் தட்டில் வைத்துப் பிதுக்கம்பருப்புக் குழம்பை ஊற்றினாள். பாப்பம்மா அழுதுகொண்டே தண்ணீர் வைத்தாள். வந்தவர்கள் சாப்பிட்டார்கள். அவள் கையால் உருட்டியதைச் சென்னம்மாள் விழுங்கித்தான் ஆகவேண்டியிருந்தது. ஒரு துளிகூட மிச்சம் வைக்கவில்லை.

கை கழுவியதும் சென்னம்மாள் கடைசி முயற்சியாக ஆஞ்சப்பனைப் பார்த்தாள். "அண்ணங்காரன் நீ ஒரு வார்த்த சொல்லேம்பா."

ஆஞ்சப்பன் எழுந்து நின்றான். அவனுக்கு வரவேண்டிய கல்யாணம் அந்த ஒரு வார்த்தையில்தான் இருந்தது. முனிலட்சுமி அவனைப் பார்க்கவே இல்லை. எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாப்ள," என்று மாதப்பனிடம் தன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். "நானே போட்டுப் பாத்துட்டன். ஒரு வெரல் போதும். சுவிட்ச நீயே போட்டுக்க."

மூலையில் கிடந்த அவர்களின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"வாங்க, தளி பஸ் ஏத்தி உடறன்."